மைக் சோதனைக்கு மட்டும்

எங்கள் கல்வி நிலையத்தின் இரண்டாம் மாடியில் ஒரு குறுகிய நடை இருக்கிறது. அதன் இடப்பக்கம் ஆய்வுத் துறை, வலப்பக்கம் படத் துறை. இரண்டின் கதவுகளும் எதிரெதிரே இருப்பவை, இரண்டுமே வெளிப்பக்கமாகத் திறப்பவை. ஒரே நேரத்தில் திறந்தால் மோதிக்கொள்ளும். இதற்கு ஒரு வழி காண்பதற்காகக் குழு போட்டார்கள். குழு பல கூட்டங்கள் கூடி, 'ஒரு கதவு திறந்திருக்கையில் மற்றக் கதவு திறக்கப்படலாகாது' என்று ஒரு பலகையை மாட்டிவிட்டுக் கலைந்தது. நான் சேர்ந்திருந்த மாலை வகுப்பின் பெயர் 'ஒருங்கிணைந்த ஆய்வும் ஆவணப்படமும்'.

பகலில் எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவேன். ஒட்டிய பிறகு சரிபார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். சரியாக இருப்பதே சந்தேகமாகத் தோன்றி இன்னொரு முறை பார்ப்பேன். என்னைப் போன்ற ஒருத்திக்கு இந்தப் படிப்பு ஒத்துவரும் என்று நினைத்தேன். ஒரே பொருளைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அதே பொருளைப் பற்றி ஒரு படமும் எடுக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்த உழைப்பு மற்றதற்கும் பயன்படும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதை நம்பி நிறையப் பேர் சேர்ந்தோம். முதல் பருவத்தில் நாற்காலிக்கு அடித்துக்கொண்டோம். இரண்டாம் பருவத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் கால் நீட்டிக்கொள்ள முடிந்தது.

என் பொருள் என் அம்மா.

அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்தத் தடத்தில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது என்று ஊருக்கே சொல்பவள். அவளுக்கு இரண்டு குரல்கள். வேலைக் குரல் நீளமானது, அவசரமே இல்லாதது. தாமதமாகும் பேருந்தைக்கூட மன்னித்துவிடலாம் என்று தோன்றவைப்பது. வீட்டுக் குரல் நேர் எதிர். ஆனால் என்மேல் கோபம் வந்தால் வேலைக் குரலை எடுத்துவிடுவாள். "குளியலறையில் நெடுநேரமாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் மகள் உடனடியாகப் புறப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் அவசரமாகக் குளித்துவிட்டு வருவார்கள்.

என் படிப்பின் இரண்டாம் ஆண்டில் அந்தக் குரலில் ஒரு கரகரப்பு வந்தது. போகவில்லை. அறுவை மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

"கட்டி குரல்வளையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. குரல்வளையையே எடுத்தாகணும். உயிருக்குப் பயமில்லை. குரல் இருக்காது. அதுவரைக்கும் அதிகம் பேசாதீங்க."

"எவ்வளவு பேசலாம்?" என்று அம்மா கேட்டாள்.

"இப்படிக் கேக்கறதையே குறைச்சுக்குங்க" என்றார் மருத்துவர்.

அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதக் கடைசியில் நாள் குறித்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரு பிற்பகல், நல்ல மைக், அம்மாவின் இரண்டு குரல்களும். ஆய்வேடு அதைப் பற்றித்தான், படமும் அதைப் பற்றித்தான். அதற்கு எங்கள் கல்வி நிலையத்தின் அனுமதி வேண்டும்.

"போன்ல ஒரு பட்டனை அமுக்கறதுக்கு அனுமதியா?" என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி, வாடகைக் கார் ஓட்டுகிறார். போக்குவரத்து விதிகளையே ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்பவர்.

நான் விளக்கினேன். அனுமதிக்கு முன் எடுத்த பதிவு எதுவானாலும், யாருடைய கருவியில் எடுத்ததானாலும், குழுவின் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும். மறுத்தால் மாணவர் பதிவே ரத்தாகும். என் வகுப்பில் ஒருவன் ஒரு மீன் வியாபாரியை முன்கூட்டியே படம் எடுத்துவிட்டான். எல்லோர் முன்னாலும் அழிக்கவைத்தார்கள். அழித்ததைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதவைத்தார்கள். அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது.

"உங்க நிலையம் நல்லா இருக்கணும்" என்றார் மாமா.

அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். "ஒழுங்கா வாங்கிட்டு வரட்டும்டா. ரெண்டு வருஷம் தூங்காம படிச்சிருக்கா. நான் அதுவரைக்கும் சேத்து வைக்கிறேன்."

அன்றிலிருந்து அம்மா குரலைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தாள்.

ஆய்வு நெறிமுறைக் குழுவின் தலைவரை மாணவர்கள் 'உட்பிரிவு' என்று அழைப்போம். எதைக் கேட்டாலும் அது எந்த உட்பிரிவில் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முகத்தில் எந்த உணர்ச்சியைக் காட்டுவதென்று முடிவுசெய்வார்.

"பங்கேற்பாளர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அம்மா சார்."

"முன்பழக்கம் இருக்கக் கூடாதே. எப்போலேர்ந்து பழக்கம்?"

"பிறந்ததுலேர்ந்து சார்."

'நீண்டகாலப் பழக்கம்' என்று எழுதிக்கொண்டார். பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "ஆய்வுக்காலம் முடியறவரைக்கும் நிறுத்திவைக்க முடியுமா?"

"அம்மாவையா சார்?"

"உறவை. அம்மா இருக்கட்டும். நான் யார் குடும்பத்துலயும் தலையிடறவன் இல்லை."

நான் குனிந்து என் விண்ணப்பத்தில் அம்மாவின் பெயரைச் சரிபார்த்தேன். அதை அவர் பணிவு என்று எடுத்துக்கொண்டார் போலும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இதெல்லாம் கெடுபிடின்னு நினைக்காதீங்கம்மா. நான் இந்தப் பொறுப்புக்கு வந்ததுலேர்ந்து ஒரு பங்கேற்பாளருக்குக்கூட எங்க ஆய்வால தீங்கு வந்ததில்லை. ஏன் தெரியுமா? ஒரு ஆய்வைக்கூட நாங்க இன்னும் அனுமதிக்கலை. வேற எந்த நிலையமாவது நெஞ்சைத் தொட்டு இப்படிச் சொல்ல முடியுமா?"

நானும் அம்மாவும் உறவை நிறுத்திவைத்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டோம். அன்று மாலை அடுப்படியிலிருந்து அம்மா மெல்லிய குரலில் கூப்பிட்டாள். "ஆய்வாளரே, பால் பொங்குது. உறவு இல்லைன்னாலும் வந்து அணைங்க."

அடுத்த தடை அடையாளம். பங்கேற்பாளரை யாரும் அடையாளம் காணக் கூடாது. முகத்தை மறைக்க வேண்டும், பெயரை மாற்ற வேண்டும், குரலையும் மாற்ற வேண்டும்.

"சார், ஆய்வே குரலைப் பத்தி."

"அப்ப ஆபத்து இன்னும் அதிகம்" என்றார் உட்பிரிவு. "எங்க அலுவலகத்துல காவலாளி இருக்காரே, நல்ல கட்டைக் குரல். உங்க அம்மா பேசினதை அவர் பேசட்டும். சார்பு இல்லாம இருக்கும்."

நான் அந்தக் கதவைச் சாத்திவிட்டு எதிர்க் கதவைத் திறந்தேன். படத் துறைத் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் 'குளோசப்'. முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளியில் நின்றுதான் பேசுவார்.

"முகத்தை மறைச்சா அது படமா? எனக்கு முகம் வேணும். தோல்ல துளை தெரியணும். வியர்வை தெரியணும். உங்க அம்மா அழுவாங்களா?"

"அவ்வளவா அழ மாட்டாங்க மேடம்."

"ஆபரேஷன் அன்னிக்கு?"

"மயக்கத்துல இருப்பாங்க."

"சரி, நீங்க அழுங்க. ஜன்னல் பக்கம் நின்னு அழுங்க, வெளிச்சம் நல்லா விழும்." ஒரு பெருமூச்சு விட்டார். என் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. "நான் மனுஷங்களை நேசிக்கிறவ. ஆனா நாலு நிமிஷத்துக்கு மேல நேசிக்கற மாதிரி ஒரு மனுஷனை இந்த வகுப்புலேர்ந்து யாரும் கொண்டுவரலை. அதுதான் என் துக்கம்."

பிறகு, ஆய்வுத் துறைக்குக் காட்டிய ஆளைத் தங்கள் துறைக்குக் காட்டக் கூடாது, அது பார்த்த முகம் ஆகிவிடும் என்றும் சொன்னார். "வேற அம்மா இருக்காங்களா?"

இதைக் காரில் போகும்போது சொன்னேன். மாமா காரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "எங்க அப்பா காலத்துலயே சொல்லியிருந்தா ஒரு ஜோடியா பெத்திருப்பாரே! அக்கா, நீ தனியா பொறந்து பிள்ளை படிப்பைக் கெடுத்துட்டே." அம்மா சத்தம் வராமல் சிரித்தாள். சிரிப்பையும் சேர்த்துவைத்தாள்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நான் ஆய்வுத் துறைக்கு முகமில்லாத அம்மாவையும் படத் துறைக்கு முகமுள்ள அம்மாவையும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தேன். பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாள் ஒரு குழாயில் நோயாளியின் பெயருக்குப் பதிலாக 'பங்கேற்பாளர்' என்று ஒட்டிவிட்டேன். நல்லவேளையாக இன்னொரு முறை பார்த்தேன்.

அனுமதி வராவிட்டாலும் பயிற்சிக்குக் கருவி எடுத்துப்போகலாம். ஆட்களைப் பதிவுசெய்யக் கூடாது, அவ்வளவுதான். முதல் பருவத்திலிருந்தே வாரம் ஒருமுறை, கறுப்பு வண்டு போலிருக்கும் ஒலிப்பதிவுக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய் மின்விசிறி, குழாய்த் தண்ணீர், மழை என்று எடுத்துப் பழகினேன். திருப்பிக் கொடுக்கும்போது, கருவி வேலை செய்கிறது என்று காட்ட, பயன்படுத்திய இடத்திலேயே எடுத்த ஒரு சிறு சோதனைத் துண்டு கருவியில் இருக்க வேண்டும். அதற்கு 'மைக் சோதனைக்கு மட்டும்' என்று பெயர் வைக்க வேண்டும். நான் ஒரு முறையும் தவறவில்லை. கருவி அறைக்காரர் காதில் வைத்து ஒரு நொடி கேட்பார். "சத்தம் வருது. கருவி நல்லா இருக்கு" என்பார். துண்டைத் தன் கணினிக்கு மாற்றிவிட்டு, கருவியைத் துடைத்து அலமாரியில் வைப்பார். மனிதர் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் குழு ஒரு முடிவுக்கு வந்தது. பங்கேற்பாளர் தாய் என்பதால், பாசத்தால் சம்மதித்துவிடும் அபாயம் இருக்கிறது. ஆகவே ஒப்புதல் ஆவணம் முழுவதையும் அவர் குழுவின் முன் உரக்க வாசித்து, புரிந்துகொண்டதை நிரூபிக்க வேண்டும். ஆவணம் பதினோரு பக்கம்.

"சார், டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"வாசிக்கத்தானே சொல்றோம். பேசச் சொல்லலையே."

"அப்படின்னா, அம்மா வாசிக்கறதைப் பதிவு பண்ணிக்கலாமா சார்? அது ஒண்ணு போதும் எனக்கு."

உட்பிரிவு என்னை மிகுந்த வருத்தத்தோடு பார்த்தார். "ஒப்புதல் இல்லாம எப்படிம்மா பதிவு பண்றது?"

வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். அவள் தலைசீவிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும்போது கட்டும் புடவையை எடுத்து வைத்திருந்தாள். "பதினோரு பக்கம்தானே" என்றாள். "பண்டிகை நேரத்துல ஒரு ராத்திரிக்கு நான் எவ்வளவு படிப்பேன் தெரியுமா?"

இரண்டு துறைகளின் கூட்டு அமர்வு என்பதால் எந்தத் துறையின் அறையிலும் நடத்த முடியவில்லை. நடையில் நடத்தினார்கள். இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். உட்பிரிவு தன் கதவிலும், குளோசப் தன் கதவிலும் சாய்ந்து நின்றார்கள். மாமா படிக்கட்டில் நின்றார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஒரு வாய் குடித்து, சேர்த்துவைத்திருந்ததை எடுத்தாள்.

"பங்கேற்பாளரின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினாள். அது ஆவணத்தில் இல்லை. "இந்த ஆய்வில் பங்கேற்பது முற்றிலும் தன்விருப்பத்தின்பேரில் நிகழ்கிறது. பங்கேற்பாளர் எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் விலகிச் செல்லலாம்."

கரகரப்பு எங்கோ அடியில் இருந்தது. மேலே அந்தப் பழைய நீளக் குரல். அது நடையின் இரண்டு முனைகளுக்கும் போய்த் திரும்பியது. கீழ்மாடியிலிருந்து ஆட்கள் ஏறிவந்து நின்றார்கள். ஒரு மாணவன் அனிச்சையாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். தரவுப் பாதுகாப்பு, தகராறு தீர்வு, நிலையத்தின் பொறுப்பின்மை எல்லாமே ஏதோ ஒரு நல்ல ஊருக்குப் புறப்படத் தயாராக நிற்பதுபோல இருந்தது. எட்டாம் பக்கத்தில் குரல் ஒரு முறை சறுக்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து தொடர்ந்தாள். நான் அவள் கையிலிருந்து தாள்களை வாங்கப் போனேன். வேலை நேரத்தில் கண்ணாடி அறைக்குள் நுழைபவர்களைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். நான் சுவரோடு ஒண்டிக்கொண்டேன்.

"இவ்வாய்வின் எந்த நிலையிலும் பங்கேற்பாளருக்கு எவ்விதத் தீங்கும்" என்றாள் ஒன்பதாம் பக்கத்தில். அதற்குமேல் வாய் மட்டும் அசைந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா தண்ணீர் குடித்தாள். மறுபடி வாய் அசைந்தது. காற்று வந்தது.

உட்பிரிவு கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்கு. ஒப்புதல் முழுமையடையலை. பரவாயில்லை, அடுத்த கூட்டத்துல விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம்." அடுத்த கூட்டம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு.

குளோசப் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று சுற்றிலும் பார்த்துக் கோபமாகக் கேட்டார்: "இவ்வளவு நல்ல காட்சி! இதை ஏன் யாருமே எடுக்கலை?"

படிக்கட்டில் இறங்கும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். காதருகே குனிந்தாள். "நல்லா வாசிச்சேனா?" மூச்சில் எழுதியதுபோல இருந்தது. அதுதான் நான் அவளிடமிருந்து கேட்ட கடைசிப் பேச்சு. வீடு வரைக்கும் மாமா ஒரு சிக்னலையும் மீறவில்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அம்மா வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி. ஒரு தட்டு தட்டினால் 'இங்கே வா'. இரண்டு தட்டினால் 'ஒண்ணும் வேண்டாம்'. அதற்குமேல் தட்டினால் மாமா ஏதோ ஜோக் சொல்லியிருக்கிறார் என்று பொருள்.

அடுத்த கூட்டம் முடிந்ததும் உட்பிரிவே என்னைத் தேடி வகுப்புக்கு வந்தார். கை கொடுத்தார். "வாழ்த்துக்கள். உங்க ஆய்வுக்கு ஒருமனதா அனுமதி. பங்கேற்பாளருக்கு இப்பக் குரல் இல்லாததால, குரலை வெச்சு அடையாளம் காணற அபாயம் முழுசா நீங்கிடுச்சு. நிலைய வரலாற்றுலயே முதல் அனுமதி உங்களுக்குத்தான்."

படத் துறைக் கதவும் திறந்துகொண்டது. "மௌனம்!" என்றார் குளோசப் என் மூக்கருகே. "இதைத்தான் நான் முதல்லேர்ந்து கேட்டேன்."

நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்படித்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் கருவி அறைக்குப் போய் நின்றேன். கருவி அறைக்காரர் கணினியில் எதையோ ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல்முறையாக வேறொரு வாக்கியம் பேசினார்.

"உங்க சோதனைத் துண்டுங்கதான் இடத்தை அடைக்குது. எல்லாத்துலயும் ஒரு அம்மா கத்திக்கிட்டே இருக்காங்க."

காதொலிப்பானை வாங்கி மாட்டிக்கொண்டேன். முதலில் மின்விசிறி. அப்புறம் கரகரப்பு வருவதற்கு முந்தைய வீட்டுக் குரல். "அந்தக் கறுப்பு வண்டை அடுப்பு மேல வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" இன்னொன்றில்: "டீ ஆறுது, அந்த மிஷினுக்கும் ஒரு வாய் வேணுமான்னு கேளு." இன்னொன்றில் என் குரல், "மைக் டெஸ்ட்மா, ஏதாவது சத்தம் குடு" என்கிறது. அம்மா கேட்கிறாள்: "மைக்கா? என்ன சொல்லணும்?" கொஞ்சம் யோசிக்கிறாள். பிறகு வேலைக் குரலில், முழு நீளத்துக்கு: "ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை தற்போது நான்காம் தடத்தில் நிற்கின்றன."

கருவி சரியாக இருக்கிறதா என்பதைத் தவிர அப்போது நான் வேறெதையும் கேட்கவில்லை.

மாமாவாக இருந்திருந்தால் அப்போதே பிரதி எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார். நான் அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன்.

"கேட்டியா?" என்றார் மாமா. தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவங்க கண்ணுலயே படாம இருந்ததைக் கொண்டுபோய் நீயே காட்டினியா?"

அவர் சொன்னது சரி. அனுமதிக்கு முன் எடுத்த பதிவு எதுவானாலும் அழிக்கப்பட வேண்டும்.

குழு நடையில் கூடியது. நான் அம்மா உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"இது தரவு இல்லை" என்றார் உட்பிரிவு. தரவு என்று ஒப்புக்கொண்டால் தன் கண்ணெதிரே விதி மீறப்பட்டதாகிவிடும். "அடுப்படிச் சத்தம், டீ, கோபம். இது கலை. அழிக்கறதா இருந்தா படத் துறை அழிக்கட்டும்."

"கலையா?" என்றார் குளோசப். "முகமே இல்லை. வெளிச்சம் இல்லை. யாரும் அழலை. இது சுத்தமான தரவு. நீங்களே அழிங்க."

இருவரும் தத்தம் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் கதவுகள் மோதிக்கொண்டன. கடைசியில் தீர்ப்பு எழுதப்பட்டது. இவை ஆய்வும் அல்ல, படமும் அல்ல, கருவிப் பராமரிப்பு. ஆகவே அழிக்க இயலாது. நிலையத்தின் உடைமை என்பதால் வெளியே கொண்டுசெல்லவோ பிரதி எடுக்கவோ இயலாது. கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டுக் கருவி அறைக்குள்ளேயே கேட்கலாம். கருவி எடுக்கும் உரிமையுள்ள மாணவருக்கும், அவருடன் வரும் ஒருவருக்கும் மட்டும். அதுவும் ஒவ்வொரு முறையும் மைக் சோதனை முடித்த பிறகு.

மாணவருக்கு மட்டும். படிப்பை முடித்தால் நான் மாணவி இல்லை.

அதனால் நான் முடிப்பதில்லை. ஒவ்வொரு பருவமும் ஆய்வேட்டை முழுக்க எழுதி, சரிபார்த்து, இன்னொரு முறை சரிபார்த்து, முடிவுரையை எடுத்துவிட்டுக் கொடுக்கிறேன். படத்தில் கடைசிக் காட்சியை வெட்டிவிடுகிறேன். தோல்வி என்று வருகிறது. மறுபடி பதிகிறேன். ஆண்டு விழாவில் உட்பிரிவு என்னை மேடைக்கு அழைத்து, ஆய்வில் அவசரப்படாத மாணவிக்கு எடுத்துக்காட்டு என்று புகழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மாமா எங்களை வாசலில் இறக்கிவிடுவார். அம்மா வேலைக்குப் போகும் புடவையைக் கட்டிக்கொள்வாள், பையில் டம்ளரும் கரண்டியும் இருக்கும். கருவி அறைக்காரர் நாற்காலி போட்டு, மைக்கை அவள் முன் வைப்பார். அம்மா டம்ளரில் ஒரு தட்டு தட்டுவாள்.

"சத்தம் வருது. கருவி நல்லா இருக்கு."

பிறகு அவர் கணினியைத் தட்டுவார். மின்விசிறி சுற்றும். என் குரல் ஏதாவது சத்தம் கேட்கும்.

"மைக்கா?" என்பாள் அம்மா பெட்டிக்குள்ளிருந்து. "என்ன சொல்லணும்?"

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா கரண்டியை எடுத்து இரண்டு தட்டு தட்டுவாள்.